மூன்று கார்சியாவும் ஒரு குறட்டையும்

நெய்தலங்கரையை ஆண்ட சங்கரமுத்து ராயருக்கு அன்று காலை முகம் காது வரை சிவந்து போயிருந்தது. துறைமுகத்தில் பிடிபட்ட ஒரு ஸ்பானியக் கடிதத்தை, துபாஷி முழுச் சபை முன்னிலையில் மொழிபெயர்த்துப் படித்துவிட்டான்.

‘இவ்வூர் ராஜா சங்கரமுத்து ராயர் நாட்டியம் தொடங்கியதும் குறட்டை விடுகிறார். முடிந்ததும் விழித்துக்கொண்டு பேஷ் என்கிறார். மீசை முழுக்கச் சாயம். கவிதை வேறு எழுதிப் படிக்கிறார். அதைக் கேட்பதற்குக் கடலில் மூழ்கிவிடலாம்.’

கீழே பெயர், ஹுவான் கார்சியா.

சபையில் யாரும் சிரிக்கவில்லை. அதற்கு அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

“அவனைத் தூக்கில் போடுங்கள்” என்றார் ராஜா.

எவனை? ஊரில் பேர்போன ஹுவான் கார்சியாக்கள் மூன்று பேர். ஒருவன் கப்பல் தலைவன். ஒருவன் ராஜாவின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய வைத்தியன். இன்னொருவன் கோட்டைக்குப் பீரங்கி வார்ப்பவன். அவர்கள் நாட்டில் அந்தப் பெயர் நம் ஊர் முத்துச்சாமி மாதிரி. சொல்லச் சொல்லக் கடிதத்தை எழுதிக் கொடுத்த கப்பல் எழுத்தனோ தன் நாட்டுக்கே போய்விட்டான்.

“மூவரையும் தொங்கவிட்டால் ஒன்றாவது சரியாக இருக்கும்” என்றார் படைத்தலைவரான தளவாய்.

ராஜாவுக்கு யோசனை பிடித்துவிட்டது. ஆனாலும் நியாயம் என்று பேருக்கு ஒன்று வேண்டுமே. அரண்மனைக் கடிதங்களை எழுதும் ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார்.

“நாளை உச்சிக்குள் ஆளைச் சொல்லு. இல்லாவிட்டால் மூவரோடு நீயும் தொங்குவாய்.”

ஆவுடையப்பன் மூவரிடமும் போனார். எழுதியவருக்கு ராஜா குதிரை தருகிறார் என்றார். மூவரும் நான்தான் என்றார்கள். குதிரையில்லை, கயிறு என்றார். மூவருக்கும் கடிதம் என்றால் என்னவென்றே தெரியாமல் போயிற்று.

மறுநாள் சபை கூடியது.

“எந்தக் கார்சியா?” என்றார் ராஜா.

“அதற்கு முன் ஒரு சந்தேகம், மகாராஜா. கடிதத்தில் இருப்பது எந்தச் சங்கரமுத்து ராயர்?”

“நான்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேனே.”

“தங்கள் பாட்டனாருக்கும் அதே பெயர்தான். அவருடைய பாட்டனாருக்கும் அதே பெயர். தூக்குத் தண்டனையைக் கல்லில் வெட்டி வைப்பது நம் வழக்கம். பின்னால் வருகிறவர்கள் ஆள்மாறி நினைத்துவிடக் கூடாதே. அதனால் தீர்ப்பை இப்படி எழுதி வந்திருக்கிறேன்.”

ஓலையை எடுத்து நிதானமாகப் படித்தார். “நாட்டியத்தில் குறட்டை விடுபவரும், மீசைக்குச் சாயம் பூசுபவரும், கேட்டவர் கடலில் விழும்படி கவிதை படிப்பவருமான சங்கரமுத்து ராயர் நாமே என்று ஒப்புக்கொண்டு... இந்த இடத்தில் தங்கள் முத்திரை.”

தளவாய் விட்டத்தைப் பார்த்தார். ராஜா ஓலையை வாங்கி இரண்டு முறை படித்தார். மீசையைத் தடவப் போன கை பாதியில் நின்றது.

“எங்கள் பாட்டனார்” என்றார் மெதுவாக, “நன்றாகக் குறட்டை விடுவார்.”

“நானும் கேள்விப்பட்டிருக்கிறேன், மகாராஜா.”

“மீசைக்குச் சாயமும் பூசுவார்.”

“இருக்கும்.”

“காலமானவரைப் பற்றிய வம்புக்கு யாரைத் தூக்கில் போடுவது? மூவரையும் விட்டுவிடு.” ராஜா சாய்ந்து உட்கார்ந்தார். “அந்தக் கவிதைகளும் பாட்டனார் எழுதியவைதானே?”

ஆவுடையப்பன் கைகூப்பினார். “வேண்டாம், மகாராஜா. பெரியவர் பாவம், அதை மட்டும் அவர் தலையில் கட்ட வேண்டாம்.”

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். பல் பிடுங்கிய இடம் வலிக்கும் வரை சிரித்தார். பிறகு கார்சியாக்களுக்கு ஆசை காட்டிய குதிரையை ஆவுடையப்பனுக்கே கொடுத்துவிட்டார்.