மணிக்கயிற்றை விடாத முயல்

ஒரு காட்டில் கிறிஸ்தவக் கோயில் ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, நிஜமாகவே இருந்தது! ஓலைக் கூரை, வாசலில் ஒரு மணி. ஞாயிறுதோறும் முயல் மணியடிக்கும். மணி கேட்டால்தான் மற்ற மிருகங்கள் ஆராதனைக்கு வரும்.

ஒரு சனிக்கிழமை சிறுத்தை வந்து உறுமியது: "உங்கள் பாட்டுச் சத்தத்தில் மனுஷன் தூங்க முடிகிறதா? நாளைக்கு மணி அடித்தால், அடித்தவன்தான் எனக்குக் காலைப் பலகாரம்!"

முயல் போதகர் குரங்கிடம் ஓடியது. போன வாரம்தான் அவர் சிங்கக் கெபிக்குள், அந்தக் குகைக்குள், தானியேல் பயப்படாமல் நின்ற வேதாகமக் கதையை மூன்று மணி நேரம் முழங்கியிருந்தார்.

"ஐயரே, நாளைக்கு என்கூட நிற்பீர்களா?"

"அன்பானவனே! அது வந்து... தானியேலுக்கு வந்தது சிங்கம். இது சிறுத்தை. ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்." சொல்லி முடிக்குமுன் ஐயர் உச்சாணிக் கொம்பில் இருந்தார்.

பாட்டுக்குழுக் கரடி, "ஸ்தோத்திரம் பிரதர்! தொண்டை மட்டும் கட்டாமல் இருந்தால் அந்தச் சிறுத்தையை... க்கும்... ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றது.

கொக்கு அக்காவோ, "ஐயோ தம்பி, வெள்ளைச் சேலையில் ரத்தம் தெறித்தால் கறை போகுமா? ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றாள்.

முயலும் ஜெபித்தது. "ஆண்டவரே, ரொம்பப் பயமாக இருக்கிறது. ஓடிப்போனால் கோபிப்பீரா?"

பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது.

முயல் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தது. இழுக்கப் பலமில்லை. காது முதல் வால் வரை வெடவெடவென்று நடுங்கியது. கயிறும் நடுங்கியது. டணடணடணடண!

சிறுத்தை பாய்ந்து வந்தது. "ஏ பொடியா! உனக்குப் பயமே இல்லையா?"

"பயமா? உயிரே போகிறது அண்ணே! நான் எங்கே அடிக்கிறேன்? நடுக்கத்தில் அதுவே அடிக்கிறது!"

"அப்படியென்றால் கயிற்றை விட்டுத்தொலை!"

"அது மட்டும் முடியாது அண்ணே."

இப்படி மூச்சுவிடாமல் மணி அடித்துக் காடு கேட்டதே இல்லை. காட்டுத்தீ என்று நினைத்து யானைகள் தும்பிக்கை நிறையத் தண்ணீரோடு ஓடிவந்தன. பின்னால் காட்டெருமைகள், பன்றிகள். "தீ எங்கே? தீ எங்கே?"

சிறுத்தை அத்தனை கொம்புகளையும் ஒருமுறை பார்த்தது. பிறகு பணிவாகக் கைகட்டிச் சொன்னது: "தீயெல்லாம் இல்லை. எனக்கு இன்றைக்கு உபவாசம். வரட்டுமா?"

நீதி: கை நடுங்கினால் நடுங்கட்டும், பிடித்ததை விடாதிருப்பதே விசுவாசம்.