போன் வாய்மூடிய கதை

பொருள்களுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தின் கடைசியில் நடந்தது இது. அந்தக் காலம் என்றதும் ராஜா, யானை, பல்லக்கு என்று எங்கேயோ போய்விடாதீர்கள். வீட்டுக்கு வீடு கரண்டு வந்துவிட்ட பிறகான அந்தக் காலம். அம்மியும் உரலும் பேச்சை நிறுத்திப் பல தலைமுறை ஆகியிருந்தது. கடைசியாகப் பிறந்த போனுக்கு மட்டும் வாய் அடங்கவில்லை. ஊரார் பேச்சைச் சுமப்பது போதாதென்று தன் பேச்சையும் பேசும். 'நூறு ஆயிடுச்சு, வயரைப் பிடுங்கு', 'வெயில்ல வைக்காதே', 'ஈரக் கையோட தொடாதே' என்று ஓயாத நச்சரிப்பு. மாமியார் கெட்டாள் போங்கள்.

ஆனைக்கல் எஸ்டேட் என்று ஒரு தேயிலைத் தோட்டம். மழை பிடித்தால் மாதக்கணக்கில் விடாத மலை. அங்கே ஒரே தகரக் கூரையின் கீழ் ஆறு வீடுகள் வரிசையாக இருக்கும். லைன் வீடு என்பார்கள். அதில் கடைசி வீட்டில் பூமயில் இருந்தாள். கொழுந்து பறிக்கிறவள். வயிற்றில் ஏழு மாதம். அவள் புருஷன் வேலாண்டி கொழுந்து லாரி ஓட்டினவன். ஆனி மாத மழையில் லாரி சரிவில் உருண்டது. அவனைப் பாயில் சுற்றித்தான் மேலே கொண்டுவந்தார்கள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம்கூட முடியவில்லை, பாவம்.

அவன் விட்டுப்போனது நாலு சட்டை, ஒரு கம்பளி, அப்புறம் அவளுக்கென்று ஆசையாக வாங்கிக் கொடுத்திருந்த அந்தப் போன். போன் வேலாண்டியை அண்ணன் என்றும் அவளை அண்ணி என்றும் கூப்பிடும். அதற்குள்ளேதான் அவன் குரல் இருந்தது. லாரி உருள்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அவன் பேசி அனுப்பியது.

"பூமயிலு, மேகம் இருட்டிக்கிட்டு வருது. விறகை உள்ள எடுத்து வை. நீ தூக்காதே, எஸ்தரக்காவைக் கூப்பிட்டுக்க. பாப்பா என்ன பண்ணுது? சரி, வை. வந்துர்றேன்."

இவ்வளவுதான். பின்னால் இன்ஜின் இரைகிற சத்தம் வேறு. ஆனால் அதைப் போட்டதும் வயிற்றுப் பிள்ளை அசைந்தது. முதல் தடவை அவள் நம்பவில்லை. மறுபடி போட்டாள். மறுபடி அசைந்தது. அன்றைக்குத்தான், புருஷன் போனபிறகு முதல் தடவையாக, அவள் ஒரு வாய் சோறு தின்றாள்.

"நீ வெளிய வந்ததும் முதல்ல உங்கப்பா குரலைத்தான் கேப்பே. அதுக்கப்புறந்தான் மத்தவங்க குரலு" என்று வயிற்றைத் தடவிச் சொன்னாள்.

அதிலிருந்து அவளுக்கு வேறு பிழைப்பில்லை. வேலையிலிருந்து வந்து கூடையை இறக்கியதும் போனை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு படுத்துவிடுவாள். எங்கே அணைந்துபோய் அவன் குரலும் போய்விடுமோ என்று பயம். அதனால் வயரைப் பிடுங்கவே மாட்டாள். வீட்டில் இருந்தால் எந்நேரமும் போன் சுவர் பிளக்கில் மாட்டின வயரோடேயே கிடக்கும். போனோடு வந்த சார்ஜர் முனை உடைந்துபோய், சந்தையில் வாங்கின ஏதோ ஒன்றைத்தான் செருகியிருந்தாள். அதன் வயரும் கழுத்தில் பிய்ந்து, அவள் சேலைக் கிழிசலைச் சுற்றி வைத்திருந்தாள்.

"அண்ணி, இந்த வயரு எனக்கு ஒத்துக்கல" என்று போன் சொல்லும். "எண்பது வந்தாலே எனக்குப் போதும். கொஞ்சம் விடுங்க, மூச்சு வாங்கிக்கறேன்."

"சும்மா கெட" என்பாள் அவள்.

அடுத்த வீட்டு எஸ்தர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நாற்பதைத் தாண்டினவள், முழங்கால் வலிக்காரி. அவளுக்கும் ஒரு போன் உண்டு. அதைக் காலையில் குளிப்பதற்கு முன்னால் ஜன்னல் கட்டையில் வெறுஞ்சிமெண்டின் மேல் வைத்துச் சார்ஜ் போடுவாள், காபி குடித்ததும் எடுத்துவிடுவாள். அவ்வளவுதான் அவள் வைத்தியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் கொஞ்சம் கருவாட்டுக் குழம்போடு வந்து உட்கார்ந்தாள்.

"பூமயிலு, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காதே. தம்பி பேசினதை என் போனுக்கு ஒரு தடவை அனுப்பி வை. பொருளுக்கு என்ன நிச்சயம்? ரெண்டு இடத்துல இருந்தா நல்லதுதானே?"

பூமயில் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"எம்புருசன் பேச்சு இன்னொருத்தி போன்ல எதுக்குக்கா?"

 எஸ்தர் கிண்ணத்தை வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். பூமயிலுக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அனுப்பவில்லை. அவள் மனசு அப்படி. அவனிடமிருந்து மிஞ்சினது அது ஒன்றுதான். அதையும் பங்குபோடச் சொன்னால் எப்படி?

போன் மட்டும் ஓயவில்லை. அந்த வாரம் ஒரு சாயங்காலம், வழக்கம்போல வயிற்றின்மேல் வைத்துப் போட்டிருந்தாள். "பாப்பா என்ன பண்ணுது" என்று வேலாண்டி கேட்கிற இடம் வந்தது. சரியாக அந்த இடத்தில் போன் குறுக்கே புகுந்தது.

"அண்ணி, சுடுது. வயரை எடுங்க."

பிள்ளை அசையவில்லை. மறுபடி போட்டாள். மறுபடியும் அதே இடத்தில், "அண்ணி, நெசமாவே முடியல."

பூமயிலுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. எழுந்து உட்கார்ந்து போனை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அவர் பேசறப்ப நீ எதுக்குடா நடுவுல பேசறே? அவரு பேச இதை விட்டா வேற வழியிருக்கா? இனிமே நீ வாயே திறக்கக் கூடாது. என் வயித்துப் பிள்ளை மேல சத்தியம் பண்ணு."

 தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"அப்புறம் எனக்கு ஒண்ணுன்னா எப்படி அண்ணி சொல்லுவேன்?"

"நீ சொல்லவே வேண்டாம். நான் பாத்துக்கறேன். எனக்குத் தெரியாதா?"

"சரி அண்ணி. பாப்பா மேல சத்தியம்."

அதுதான் அது கடைசியாகப் பேசிய பேச்சு. நாசமாய்ப்போன சத்தியம்.

அதன்பிறகு வேலாண்டி குரல் தடையில்லாமல் கேட்டது. பூமயில் ஆசை தீரக் கேட்டாள். வேலையில்லாத நாளில் இருபது தடவை, முப்பது தடவை. பிள்ளையும் அசைந்தது. ஆனால் நாலைந்து நாளில், தொட்டால் போன் உடம்பு கொதித்தது. அதற்கு வேறெப்படிச் சொல்லத் தெரியும்?

பூமயில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சலா உனக்கு?" என்றாள். முதல் தடவையாக அதன்மேல் அவளுக்கு இரக்கம் வந்தது. இந்தக் குளிரில் தரையில் கிடந்தால் காய்ச்சல் வராதா? மலையில் காய்ச்சலுக்கு ஒரே வைத்தியம்தான். கம்பளியில் இறுகச் சுற்றி வேர்க்கவிட வேண்டும். வேலாண்டியின் கம்பளியைப் பெட்டியிலிருந்து எடுத்து, மூன்று மடிப்பாக அதைச் சுற்றினாள். வயர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தாயைப்போலத்தான் செய்தாள். அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இன்னும் இரண்டு நாளில் போனின் முதுகு உப்பி, மூடி விளிம்பு விலகியிருந்தது. அதையும் பார்த்தாள். மழைக்காலத்தில் கதவு உப்புகிறது, ஜன்னல் உப்புகிறது, இதுவும் உப்பியிருக்கிறது என்று ரப்பர் உறையை இழுத்து மாட்டினாள்.

ஆவணி பிறந்து மழை கொஞ்சம் விட்டது. கொழுந்து முற்றுகிறது, எல்லோரும் வாருங்கள் என்று ஆள் வந்தது. பூமயில் கட்டிலில் கம்பளிக்குள் போனை வைத்து, சார்ஜ் போட்டாள். கரண்டு போவதும் வருவதுமாக இருந்தது.

"கெட. வந்துர்றேன்" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

மதியம். எஸ்தர் கால் வலியால் வேலைக்குப் போகவில்லை. ஜன்னல் கட்டையிலிருந்து அவள் போன் கூப்பிட்டது.

"அக்கா, கடைசி வீட்டுப் போன் முனகுறான். எனக்குக் கேக்குது. ஓடுங்க."

எஸ்தர் நொண்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் தகர இடுக்கில் புகை. முதலில் மெயின் சுவிட்சை அணைத்தாள். கதவைத் தள்ளினால் கட்டிலில் கம்பளி எரிகிறது, நடுவில் சீறுகிற சத்தம். வாசலில் கொத்தனார் விட்டுப்போன மணல் இருந்தது. முறம் முறமாக அள்ளிக் கொட்டினாள். கூரை தப்பியது. வீடு தப்பியது. தப்பாதது ஒன்றுதான்.

சத்தம் கேட்டுத் தேயிலைக்குள்ளிருந்து பூமயில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. மணலைக் கையால் விலக்கினாள். கம்பளியில் பெரிய ஓட்டை. அதற்குள் கறுத்துச் சுருண்ட ஒரு கட்டி. அது ஆறுகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எடுத்துக் காதில் வைத்தாள். இந்தக் காது, அந்தக் காது. பிறகு எஸ்தர் பக்கம் நீட்டினாள்.

"உங்களுக்கு ஏதாச்சும் கேக்குதாக்கா?"

எஸ்தருக்கு 'அன்னைக்கே அனுப்பச் சொன்னேனே' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

பூமயில் அடுத்த வீட்டு ஜன்னலில் இருந்த எஸ்தரின் போனைப் பார்த்துக் கேட்டாள். "உசிரு போறப்பக்கூட அவன் ஏன் கத்தல? ஒரு வார்த்தை கத்தியிருந்தா யாராச்சும் ஓடி வந்திருப்பாங்களே?"

"நீங்கதான் பாப்பா மேல சத்தியம் வாங்கினீங்களே, சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுச்சு" என்றது அது. "கத்தினா பாப்பாவுக்கு ஆகாதுன்னு முனகிக்கிட்டே கெடந்தான்."

அதற்குமேல் அந்தப் போனும் எதுவும் பேசவில்லை. மறுநாள் எஸ்தர் சார்ஜ் போட்டபோது, நூறு ஆனபிறகும் அது ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வீட்டுப் போனும் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லிக் கடைசியில் கிடைத்தது இதுதானே என்று அவை தங்களுக்குள் பேசி முடித்திருக்க வேண்டும். லைன் வீட்டில் தொடங்கி, தோட்டம், மலை, அடிவாரத்து ஊர் என்று ஒவ்வொன்றாக எல்லாப் போன்களும் வாயை மூடிக்கொண்டன.

புரட்டாசியில் பூமயிலுக்குப் பெண் பிறந்தது. மருத்துவச்சி கையில் கொடுத்ததும் பிள்ளையின் காதில் குனிந்து, "மேகம் இருட்டிக்கிட்டு வருது, விறகை உள்ள எடுத்து வை" என்றாள். இன்ஜின் இரைச்சல்கூட அவளுக்கு மனப்பாடம். அதையும் வாயால் செய்துபார்த்தாள். வார்த்தை ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் குரல் அவளுடையது. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தது. "வந்துர்றேன்" என்ற இடத்தில் அவளால் மேலே சொல்ல முடியவில்லை.

ஆனைக்கல்லில் இன்றைக்கும் போய்ப் பாருங்கள். போன் லேசாகச் சுட்டால் போதும், பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து வயரைப் பிடுங்கி, உறையைக் கழற்றி, வெறுஞ்சிமெண்டில் கிடத்திவிடுவார்கள். ஆறுகிறவரை யாரும் தொட மாட்டார்கள். முதுகு உப்பியது என்றால் வீட்டுக்குள்ளேயே வைக்க மாட்டார்கள்.

அன்று முதல்தான் போன் ஊரார் பேச்சையெல்லாம் சுமந்துகொண்டு, தன் பேச்சென்று ஒன்றும் இல்லாமல் கிடக்கிறது. தாங்க முடியாமல் போகும்போது உடம்பு சுடுவதைத் தவிர அதற்கு வேறு வார்த்தை இல்லை.