செப்பேட்டில் முதல் பெயர்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நான் சொல்லாமல் விடும் ஒரு நாட்டில், ஒரு ராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் எழுந்ததும் அவருக்கு ஏதாவது ஒரு யோசனை வந்துவிடும். அப்புறம் ஊருக்குத்தான் பாடு.

ஒருநாள் மேல்மாடத்தில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, எதிர்த் தெருவில் ஒரு பெண் கயிறு போட்டு வீடு அளப்பதைப் பார்த்தார். அந்த நாட்டில் வீட்டின் நீள அகலத்தைப் பார்த்துத்தான் வீட்டுவரி. கயிற்றின் ஒரு முனையை அளப்பவர் பிடிப்பார். மறுமுனையை வீட்டுக்காரரே பிடிக்க வேண்டும். அப்போதுதான் பிறகு யாரும் சண்டைக்கு வர முடியாது.

"கயிறு வைத்திருப்பவரெல்லாம் வீடு அளக்கலாமா?" என்று சபையில் கேட்டார் ராஜா. "இனிமேல் தேர்ச்சி பெற்று, செப்பேட்டில் பெயர் பதிந்தவரே அளக்க வேண்டும்."

"விதிகளை அடியேனே எழுதித் தருகிறேன், மகாராஜா" என்று முந்திக்கொண்டு எழுந்தார் பெரிய கணக்கர் திருமேனிநாதர். அவர் வீட்டில் இரண்டு மைத்துனர்கள் மூன்று வருடமாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு உத்தியோகம் பிடிக்க இதைவிட நல்ல சமயம் எது?

விதிகள் இரண்டே. ஒன்று, இந்தச் செப்பேட்டில் எவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறதோ அவரே பதிவு பெற்ற அளவர். இரண்டு, புதிதாகப் பதிய வருபவர், பதிவு பெற்ற ஒருவர் பார்க்க ஒரு கட்டடத்தை அளந்துகாட்டி, அவர் வாயால் 'தேர்ச்சி' என்று சொல்ல வைக்க வேண்டும்.

விதிகள் செப்பில் வெட்டப்பட்டன. ராஜா படித்துப் பார்க்காமலே முத்திரை வைத்தார்; எதைத்தான் அவர் படித்தார்? பதிவு பெற்றவர் ஒருவர்கூட இல்லாதபோது புதியவர் எப்படிப் பதிவது? ஒருவரும் பதிய முடியாமல் திரும்பியதும், "நாட்டில் தகுதியானவரே இல்லை, மகாராஜா. தங்கள் ஆணையால் என் மைத்துனர்களைப் பதியலாம்" என்று சொல்லத் திருமேனிநாதர் காத்திருந்தார்.

பாதி நகரத்தை அளந்த அங்கம்மாள்தான் முதலில் அகப்பட்டாள். ராஜா பல் துலக்கியபோது பார்த்தது அவளைத்தான். கணக்கர் அலுவலகத்தில் விரட்டிவிட்டதும், அரண்மனை விகடகவி மயிலேறியின் வீட்டுக்கு ஓடினாள். போன ஆடியில் அவர் வீட்டை அவள் அளந்தபோது மறுமுனையைப் பிடித்தவர் அவர்.

"அண்ணே, பௌர்ணமிக்குள்ள பேரு பதியலேன்னா கயித்தைப் பிடுங்கிக்குவாங்களாம். எனக்கு வேற தொழில் தெரியாதுண்ணே. வீட்டுல அஞ்சு வாய் காத்துக் கெடக்கு" என்றாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மயிலேறி நேராகப் போய்ச் செப்பேட்டை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் அங்கம்மாளை அழைத்துக்கொண்டு சபைக்குப் போனார். திருமேனிநாதருக்கு முகம் கடுத்தது. "மகாராஜா, மயிலேறி இந்தப் பெண்ணுக்காகப் பேசுவதென்றால், பதிவு பெற்ற அளவர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தட்டும். முடியாவிட்டால் இனி இந்தச் சபைப் பக்கமே வரக்கூடாது."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "சரி. நாளை உச்சிவேளை வரை அவகாசம் தருகிறேன்."

"நாளை எதற்கு, பிரபு? அவர் இங்கேதான் வீற்றிருக்கிறார்" என்றார் மயிலேறி. செப்பேட்டை உயர்த்திப் படித்தார். "'ஸ்ரீமான் மகாராஜா கீர்த்திவர்மர் ஆணைப்படி...' எந்தச் செப்பேடானாலும் மன்னர் பெயரை வெட்டாமல் ஆரம்பிப்பதில்லை. எவர் பெயர் இதில் பொறிக்கப்பட்டிருக்கிறதோ அவரே பதிவு பெற்ற அளவர் என்பது முதல் விதி. ஆகவே நாட்டின் முதல் அளவர், தாங்கள்!"

திருமேனிநாதர் பதறி எழுந்தார். "அதெப்படி? மகாராஜா தேர்ச்சி பெறவே இல்லையே!"

"கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், கணக்கரே. மகாராஜாவுக்குத் தகுதி போதாது என்கிறீர்களா?"

கணக்கர் உட்கார்ந்தார். மீசையைத் தடவிக்கொண்டு ராஜா எழுந்தார். "என் புது ஊஞ்சல் மண்டபத்தை அளக்கட்டும். நானே பார்க்கிறேன்."

மண்டபத்துக்குச் சொந்தக்காரரும் ராஜாதான். ஆகவே மறுமுனையும் அவர் கைக்கே போனது. அங்கம்மாள் கயிற்றை நீட்டினாள். நாலடி போனதும் திரும்பிப் பார்த்தாள்.

"மகாராசா, கயித்தைத் தொய்ய விடாதீங்க. இழுத்துப் பிடிங்க!"

ராஜா ஒரு நொடி திகைத்தார். அப்புறம் வாளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார்.

அளந்து முடிந்தது. "நீளம் பதினெட்டுக் கோலுங்க" என்றாள் அங்கம்மாள்.

ராஜாவின் முகம் மாறியது. வந்த விருந்தாளிகளிடமெல்லாம் இருபது கோல் என்று பெருமை பேசிய மண்டபம் அது. "இருபது இல்லையா? நன்றாகப் பார்த்துச் சொல்."

இரண்டு கோலை விட்டுக்கொடுத்துத் தொலையேன் அம்மா என்று மயிலேறியே மனத்துக்குள் கெஞ்சினார். அங்கம்மாள் கோலுக்கு ஒன்றாகக் கயிற்றில் போட்டிருந்த முடிச்சுகளை மறுபடி எண்ணினாள். "மறுமுனை உங்க கையிலதான இருந்துச்சு, மகாராசா. பதினெட்டுதான்."

ராஜா தலைமைச் சிற்பியைக் கூப்பிட்டார். அவன் வந்த வேகத்தில் காலில் விழுந்தான். "பதினெட்டேதான், பிரபு! தாங்கள் இருபது கேட்டீர்கள். இடம் இல்லை. சொல்லப் பயமாக இருந்தது."

ராஜா கையைப் பார்த்தார். கயிறு அழுத்திச் சிவந்திருந்தது. பிறகு மண்டபம் அதிரச் சிரித்தார். "இத்தனை பேர் என்னைச் சுற்றி இருந்தும், என் வீட்டின் அளவை இவள்தான் சொன்னாள். தேர்ச்சி! இவள் பெயரை என் பெயருக்குக் கீழே வெட்டுங்கள்."

அங்கம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விதி வந்த நாளிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சட்டென்று நினைவு வந்து மடியை அவிழ்த்து, வெற்றிலை பாக்கை எடுத்து ராஜாவிடம் நீட்டினாள். "மறுமுனை பிடிக்கிறவங்களுக்குக் குடுக்கிறது எங்க வழக்கமுங்க."

ராஜா வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். மயிலேறிக்கு முத்துமாலை கழுத்தில் விழுந்தது. பின்வரிசையில் நின்ற மைத்துனர்கள், அடுத்த தேர்வு தங்களுக்குத்தான் என்று புரிந்ததும் சத்தமில்லாமல் நழுவிவிட்டார்கள்.

"அங்கம்மா, முதலில் யார் வீட்டை அளக்கப் போகிறாய்?" என்றார் ராஜா, வெற்றிலையை மென்றுகொண்டே.

கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அவள் பெரிய கணக்கரைப் பார்த்தாள்.

"ஐயா, காலையில வெள்ளன வாரேன். மறுமுனையப் பிடிக்க நீங்களே நில்லுங்க. மச்சினருங்க தொய்ய விட்டுருவாங்க."