களிம்பு போன காசு

இடிந்த கோட்டையை ஒட்டிய காட்டில் ஓர் அணிலும் ஒரு பெருச்சாளியும் இருந்தன. இரண்டுக்கும் பழைய சாமான் சேர்க்கும் பைத்தியம். மண்ணைக் கிளறினால் ஏதாவது ஒன்று கிடைக்கிற இடம் அது. கிடைத்ததைப் புதன்கிழமைதோறும் கோட்டை வாசலில் வைத்து மாற்றிக்கொள்வார்கள். காக்கை, கீரி என்று இன்னும் சிலரும் வருவார்கள். விலை கிடையாது, பொருளுக்குப் பொருள். வாங்குகிறவர் முதலில் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்ப்பார். அதுவரை கொடுக்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது. இது எல்லோருக்குமே பெரிய சிரமமாக இருந்தது.

அணிலிடம் ஒரு செப்புக்காசு இருந்தது. ஒரு பக்கம் மீன், மறுபக்கம் ஏதோ எழுத்து, மேலெல்லாம் பச்சைக் களிம்பு. பெருச்சாளி அதை இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அணில் அசையவில்லை.

அந்த ஐப்பசியில் அணிலுக்கு மூன்று குட்டிகள் பிறந்தன. புளியமரத்தில் இருந்த கூடு ஒழுகியது. முதல் தூறலிலேயே கடைக்குட்டிக்குச் சளி பிடித்துவிட்டது. பெருச்சாளியிடம் ஒரு பழைய பித்தளைக் கூஜா இருந்தது. மரத்தடி வேர்களுக்கு நடுவே அதைச் சாய்த்து வைத்தால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. அணில் குட்டிகளைப் பார்த்தது. காசைப் பார்த்தது. நேராகப் பெருச்சாளியிடம் போனது.

“அண்ணே, கூஜாவைக் குடுங்க. காசைத் தர்றேன்!”

“நிஜமாவா!” பெருச்சாளிக்கு மீசை நடுங்கியது. “புதன்கிழமை எடுத்துட்டு வா தங்கச்சி. கூஜா உனக்குத்தான்!”

செவ்வாய்க்கிழமை காலை அணிலுக்கு ஒரு யோசனை வந்தது. வராமல் இருந்திருக்கலாம். இவ்வளவு அழுக்கோடு ஒரு பொருளைக் கொடுப்பது மரியாதையா என்று நினைத்தது. பொந்தில் கிடந்த பழம்புளியையும் ஆற்று மணலையும் எடுத்து வைத்துத் தேய்க்க ஆரம்பித்தது.

மேல்கிளையிலிருந்து காக்கை எட்டிப் பார்த்தது. “என்னக்கா பண்றீங்க?”

“காசைத் துலக்குறேன்!”

“அவர் துலக்கச் சொன்னாரா?”

“இதெல்லாம் சொல்லணுமா என்ன!”

காக்கை சேர்ப்பது உடைந்த கண்ணாடி வளையல்கள். செம்பைப் பற்றி நமக்கென்ன தெரியும் என்று அது பறந்துவிட்டது.

சாயங்காலம் காசு தகதகவென்று மின்னியது. மீன் இருந்த இடத்தில் ஒரு கோடு இருந்தது. எழுத்து இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அணிலுக்கு ஒரே சந்தோஷம்.

புதன்கிழமை பெருச்சாளி தானே கூஜாவை உருட்டிக்கொண்டு வந்தது. கண்ணை மூடிக் காசை முகர்ந்தது.

“ரசம் வச்சியா தங்கச்சி?”

அணில் முறைப்படி வாயைத் திறக்கவில்லை. சிரித்தது மட்டும்தான். பெருச்சாளி கண்ணைத் திறந்தது. பிறகு கீழே உட்கார்ந்துவிட்டது.

“களிம்பு எங்கே?”

“தேச்சு எடுத்துட்டேன் அண்ணே! எப்படி மின்னுது பாருங்க!”

“முந்நூறு வருஷம் மண்ணுக்குள்ள கிடந்து ஏறின பச்சை! ஒரே நாள்ல எடுத்துட்டியே! மீன் எங்கே?”

“அதுவும் கொஞ்சம் தேஞ்சுருச்சு.”

“அந்த அழுக்குக்குத்தான் தாயே கூஜா தர்றேன்னேன்! வெறும் செம்பு என் வளையில குவிஞ்சு கிடக்கு!”

அணிலுக்கு அழுகை வந்துவிட்டது. “மறுபடி புதைச்சு வச்சா வராதா அண்ணே?”

“வரும். முந்நூறு வருஷம் கழிச்சு எடுத்துட்டு வா.”

“குட்டிங்க நனையுதுங்க அண்ணே! கடைசிக் குட்டி இருமிக்கிட்டே கிடக்கு!”

பெருச்சாளி கல்மனசுக்காரன் இல்லை. கூஜாவைப் பார்த்தது, அணிலைப் பார்த்தது, பெருமூச்சு விட்டது. கூஜாவை அணில் பக்கம் மெல்லத் தள்ளவும் தள்ளியது.

“நீங்க நல்லா இருக்கணும் அண்ணே!” என்றது அணில். “இந்தக் கூஜாவையும் இன்னிக்கே புளி போட்டுத் தேச்சு, புதுசு மாதிரி ஆக்கிடுறேன்!”

பெருச்சாளி கூஜாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. அப்படியே பின்பக்கமாக உருட்டிக்கொண்டு போய் வளைக்குள் நுழைந்துவிட்டது. எவ்வளவு கூப்பிட்டும் வெளியே வரவில்லை.

மத்தியானம் மழை பிடித்தது. அணில் கூட்டின் ஓட்டையை முதுகால் அடைத்துக்கொண்டு குட்டிகளின் மேல் கவிழ்ந்து படுத்தது. குட்டிகள் பிழைத்துக்கொண்டன. கார்த்திகை முடியும்வரை அணிலின் முதுகுதான் காயவே இல்லை.

எதை விரும்பிக் கேட்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒருவருக்கு நல்லது செய்யக் கிளம்பினால், அவர் விரும்பியதையே அழித்துவிட்டு வந்து நிற்போம்.