தளவாயின் உயரம்

முன்னொரு காலத்தில், ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தால் ஊரே மூட்டை கட்டிய காலத்தில், ஒரு நாட்டில் மருதப்பன் என்றொரு விகடகவி இருந்தான். அந்த நாட்டில் ராஜாவின் முன்னால் யாரும் நிமிர்ந்து நிற்கக் கூடாது. பதவி உயர உயர முதுகு தாழ வேண்டும். தளவாய் வல்லபராயர் நாட்டிலேயே நெட்டையான மனிதர். ஆனாலும் சபைக்குள் வந்துவிட்டால் அவருடைய தலைப்பாகை மட்டும்தான் ராஜாவுக்குத் தெரியும்.

அண்டை நாட்டுக்கு விருந்துக்குப் போன ராஜா, அங்கே குதிரைகள் கம்பு தாண்டுவதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நம் பட்டத்துக் குதிரையும் தாண்ட வேண்டும்!"

அதன் பெயர் புயல்வேகன். ஊர்வலத்தில் நடந்ததைத் தவிர அது வேறொன்றும் செய்ததில்லை.

தளவாய்க்கு மருதப்பனைக் கண்டாலே ஆகாது. "மகாராஜா, குதிரையை மருதப்பனே பழக்கட்டும். ஆளுயரம் என்றால் குள்ளன் எவனையாவது நிறுத்தி ஏய்ப்பான். ஆகவே என் உயரத்துக்கே கம்பு கட்டட்டும். தவறினால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும். தேர்த்திருவிழாவன்று நம் கண்முன்னேயே அளந்து கட்டுங்கள்."

வீட்டில் மனைவி கேட்டாள். "சட்டிபானையைக் கட்டி வைக்கட்டுமா?"

"இரு. தளவாய் பதவியில இருக்கிற வரைக்கும் நமக்கு ஒண்ணும் ஆகாது."

மருதப்பன் கம்பைத் தரையில் போட்டு, அந்தப் பக்கம் கொள்ளு வைத்தான். புயல்வேகன் கம்பைச் சுற்றிக்கொண்டு போய்த் தின்றது. இரண்டு பக்கமும் வேலி கட்டிய பிறகுதான் தாண்டியது. முழங்கால் அளவு வந்தது. மெல்ல இடுப்பளவும் வந்தது. அதற்குமேல் உயர்த்தினால், வரி கேட்க வந்தவனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தது. மருதப்பன் அதோடு நிறுத்திக்கொண்டான்.

திருவிழாவன்று மைதானத்தில் ராஜா சிம்மாசனத்தில் இருந்தார். "தளவாய் அவர்களே, அளவெடுக்க வாருங்கள்" என்றான் மருதப்பன்.

தளவாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். ராஜாவின் முன்னால் வந்ததும் பழக்கதோஷத்தில் இரண்டாக மடிந்தார். மருதப்பன் தரையிலிருந்து அந்த முதுகு வரை அளந்து கம்பைக் கட்டினான்.

"டேய், நிமிர்ந்தப்புறம் அளடா!"

"நிமிருங்களேன் ஐயா, யார் வேண்டாம்னா? மகாராஜா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கார்."

தளவாய் நிமிரவில்லை.

"என்ன மருதப்பா, கம்பு இடுப்பளவுதானே இருக்கிறது?" என்றார் ராஜா.

"கண்முன்னே அளக்கச் சொன்னீர்கள், மகாராஜா. தங்கள் கண்முன்னே தளவாய் இதைவிட உயர்ந்து நின்றதுண்டா?"

ராஜா யோசித்துப் பார்த்தார். நின்றதில்லை. "தளவாய், அளவு சரியா?"

"சரிதான் மகாராஜா" என்றது தலைப்பாகை.

புயல்வேகன் கொள்ளைப் பார்த்தது, தாண்டியது. ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்துவிட்டு, தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றினார். மருதப்பனும் குனிந்துதான் வாங்கினான், கொஞ்சம் ஆழமாகவே. பக்கத்தில் அளவுகோலோடு யாராவது நிற்கிறார்களா என்று மட்டும் ஒருதரம் பார்த்துக்கொண்டான்.