இல்லை என்று சொல்லாத கடை

“பாக்காங்க, கேக்காங்க, போயிருதாங்க. அவங்களுக்கு என்னதான் வேணும் டீச்சர்?”

சுயம்புலிங்கம் அண்ணாச்சி இப்படிக் கேட்டபோது ஜெசிந்தா படகில் காற்றுச் சிலிண்டர்களைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் கடலுக்கு அடியில் மூச்சுவிடச் சொல்லித்தருபவள் அவள் என்பதால், அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணாச்சி தூத்துக்குடியில் நெடுங்காலம் ஜவுளிக்கடை நடத்தியவர். மகன்கள் தலையெடுத்ததும் கல்லாவில் அவருக்கு இடம் இல்லாமல் போயிற்று. சும்மா இருக்க முடியாமல் கடற்கரைச் சாலையில் ஸ்கூபா டைவிங் கடை போட்டார். படகும் பயிற்சியும் ஜெசிந்தாவுடையவை. கடையும் வாடிக்கையாளர்களும் அவர் பொறுப்பு.

கடை இருந்தது. வாடிக்கையாளர்கள் இல்லை.

சித்திரைக்குள் வியாபாரம் சூடுபிடிக்காவிட்டால் அதைச் செல்போன் கடையாக்கிவிடுவதாகப் பெரிய மகன் சொல்லியிருந்தான். அப்புறம் அண்ணாச்சிக்கு வீட்டு ஊஞ்சல்தான்.

நாளைக்கு வந்து உட்கார்ந்து பார்க்கிறேன் என்றாள் ஜெசிந்தா.

மறுநாள் கடையின் மூலையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடிப் பெட்டிகளில் நீச்சல் கண்ணாடிகள் நிறவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. வாசலில் பழைய கடையிலிருந்து வந்த துணிக்கடை பொம்மை, நெற்றிப்பொட்டும் கல்யாணப்பெண் சிரிப்புமாக, கருப்பு ரப்பர் உடையில் கைகூப்பி நின்றது.

முதலில் கல்லூரிப் பையன்கள் வந்தார்கள். கீழே சுறா இருக்குமா என்று கேட்டார்கள்.

“இருக்கு தம்பி. பெரிசா பாக்கணுமா, சின்னதா பாக்கணுமா?”

அப்புறம் வருகிறோம் என்று போய்விட்டார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண், தண்ணீருக்குள் மூச்சு முட்டுமா என்று கேட்டாள்.

“முட்டும்மா. அதெல்லாம் நல்லாவே முட்டும்.”

அவளும் போய்விட்டாள்.

பிறகு ஒருவர் தன் தகப்பனாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு இதயத்தில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அவரும் இறங்கலாமா என்று விசாரித்தார்.

“தாராளமா இறங்கலாம். பெரியவரைத்தான் முதல்ல இறக்குவோம்.”

பெரியவர் மகனுக்காகக் காத்திருக்கவில்லை. வந்ததைவிட வேகமாக வாசலைத் தாண்டிவிட்டார்.

ஜெசிந்தா எழுந்தாள்.

“உங்க கடையில எல்லாம் இருக்கு அண்ணாச்சி. ஒரே ஒரு சரக்குதான் குறையுது.”

“என்னன்னு சொல்லுங்க டீச்சர். சாயங்காலத்துக்குள்ள வந்துரும்.”

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அண்ணாச்சி அன்றே ஆளுயரக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டினார். ஜெசிந்தா வந்து பார்த்துத் தலையை அசைத்தாள். உடை மாற்ற ஒரு தடுப்பு கட்டினார். அதற்கும் தலையை அசைத்தாள். தலை காயவைக்கும் மெஷின் வந்தது. கண் பவருக்கு ஏற்ற நீச்சல் கண்ணாடி வந்தது. சுக்குக் காப்பி வந்தது.

சுக்குக் காப்பிக்குக் கூட்டம் வந்தது. காலையில் கடற்கரையில் நடக்கிறவர்கள் எல்லாரும் குடித்துவிட்டு, ஆளுயரக் கண்ணாடியில் தொந்தி குறைந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் கடலில் இறங்கவில்லை.

அண்ணாச்சிக்கு வேறு மாதிரி நடந்துகொள்ளத் தெரியாது. அவருடைய ஜவுளிக்கடைக்குள் ‘இல்லை’ என்ற சொல்லுக்கே இடம் கிடையாது. அவர் அப்பா காலத்து ஏற்பாடு அது. கிளிப்பச்சையில் மயில் போட்ட சேலை கேட்டால், இப்போதுதான் போனது, நாளைக்கு வந்துவிடும் என்று சொல்லி, அதற்குள் கடையில் உள்ள மற்ற சேலைகளையெல்லாம் விரித்துவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே வாய் தவறி ‘இல்லை’ என்றவனை, அன்று சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

பெரிய மகன் டேப்போடு வந்து சுவர்களை அளந்துவிட்டுப் போன அன்று, அண்ணாச்சி படகுத் துறைக்கே போய்விட்டார். அந்தச் சரக்கு என்னவென்று வாயால் சொல்லிவிடும்படி கேட்டார்.

ஜெசிந்தா கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தாள்.

“நாளைக்குக் காலையில கடலுக்கு வாங்க.”

முழங்கால் தண்ணீருக்கு மேல் அண்ணாச்சி அதுவரை இறங்கியதில்லை. ஆனால் வருகிறேன் என்றார். மாட்டேன் என்று சொல்லும் பழக்கம் இல்லை.

மறுநாள் படகில் வைத்து அவள் கைச்சைகைகளைச் சொல்லிக் கொடுத்தாள். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்தால் எல்லாம் சரி. கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஏதோ சரியில்லை. காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊத வேண்டும். அப்படியும் வலித்தால் கையை ஆட்ட வேண்டும், மேற்கொண்டு இறங்கக் கூடாது.

கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். கொஞ்சம் போனதும் அவள் விரல்களை வட்டமாக்கிச் சரியா என்று கேட்டாள். அவரும் வட்டம் காட்டினார். இன்னும் கொஞ்சம் இறங்கி மறுபடி கேட்டாள். அவர் இரண்டு கையிலும் வட்டம் காட்டினார்.

அவள் நெருங்கி அவருடைய கண்ணாடிக்குள் பார்த்தாள். உள்ளே அண்ணாச்சி அழுதுகொண்டிருந்தார். விரல் வட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

மெதுவாக மேலே கூட்டிவந்து படகில் ஏற்றினாள்.

“காது வலிச்சுதா?”

“வலிச்சுது டீச்சர்.”

“எப்பலருந்து?”

“முதல்லருந்தே.”

“அப்ப ஏன் சரின்னு காட்டுனீங்க?”

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நீங்க அவ்வளவு பக்கத்துல வந்து கேக்கீங்க. எப்படி டீச்சர் இல்லைன்னு சொல்ல?”

ஜெசிந்தா அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். தன் கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அவரையும் செய்யச் சொன்னாள்.

அவர் செய்தார். கை மரக்கட்டை மாதிரி இருந்தது. மறுபடி செய்யச் சொன்னாள்.

கரை வரும்வரை செய்யவைத்தாள். தூரத்துப் படகில் இருந்தவர்கள் அண்ணாச்சி தங்களுக்குத்தான் கையசைக்கிறார் என்று நினைத்து, அவர்களும் விடாமல் கையசைத்தார்கள்.

இறங்கும்போது அவர் தயங்கிக் கேட்டார்.

“சரக்கு வந்துட்டா டீச்சர்?”

அவள் கையை விரித்து, இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

பங்குனி கடைசியில் திருப்பூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் பனியன் கம்பெனி மேனேஜர். டைவிங் போவதற்காகவே ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்திருப்பதாகவும், சாயங்காலம் திரும்ப வேண்டும் என்றும் சொன்னார். கட்டணம், ஆழம் எதுவும் கேட்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பேனாவை எடுத்தார்.

கடை திறந்த நாளிலிருந்து அப்படி ஒருவரை அண்ணாச்சி பார்த்ததில்லை. அவசரமாக எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டார்.

மேனேஜர் தும்மினார். அடுக்கடுக்காகத் தும்மினார். மூக்கு சிவந்திருந்தது. மூக்கைச் சுற்றித் தைலம் பளபளத்தது.

“கொஞ்சம் சளி. அது ஒண்ணும் பிரச்சினை இல்லையே?”

ஜெசிந்தா வாசலில் உட்கார்ந்து சிலிண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் தலையைத் தூக்கவில்லை.

‘அதெல்லாம் பாத்துக்கலாம் சார்’ என்பது அண்ணாச்சியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அங்கேயே நின்றது. அவருடைய காதுக்குள் எங்கோ ஒரு வலி சுரீர் என்றது. சுவரில் மகன் பென்சிலால் போட்டுவைத்த கோடுகளைப் பார்த்தார். கல்லாவுக்கு மேலிருந்த லட்சுமி படத்தைப் பார்த்தார்.

“இல்லை சார்.”

சொன்னது யார் என்பதுபோல் அவரே திரும்பிப் பார்த்தார்.

“என்ன இல்லை?”

“உங்களுக்கு இன்னைக்கு டைவிங் இல்லை. சளியோட இறங்கினா காது கெட்டுப்போயிரும். குணமாகட்டும், அப்புறம் வாங்க.”

மேனேஜருக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தவரைத் திருப்பி அனுப்புகிற கடையை எங்கும் பார்த்ததில்லை என்றார். இப்படி நடத்தினால் விளங்காது என்றார். இடையிடையே தும்மினார். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, மனைவியைப் பார்த்து வா என்றார்.

அந்த அம்மாள் அசையவில்லை. வந்ததிலிருந்து கதவோரமாகவே நின்றவள், இப்போது மேஜை அருகே வந்தாள்.

“எனக்கு நீச்சல் தெரியாதுங்க. தண்ணின்னாலே பயம். இவர் சொன்னாரேன்னுதான் வந்தேன்.”

அண்ணாச்சி அவளை உட்காரச் சொன்னார். சளி உண்டா, மூச்சிரைப்பு உண்டா, நெஞ்சுக்கு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் யோசித்து, இல்லை இல்லை என்று சொன்னாள்.

பிறகு அண்ணாச்சியின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

“இவருக்குச் சொன்ன மாதிரியே உள்ளதைச் சொல்லுங்க. நான் இறங்கலாமுங்களா?”

“இறங்கலாம்மா. நீச்சல் தெரியாட்டியும் பரவாயில்லை, டீச்சர் கூடவே வருவாங்க.”

அவள் தோளிலிருந்த கைப்பையைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்தாள்.