செக்குத் தெருவும் செப்புத் தகடும்

வெகு வெகு காலத்துக்கு முன்னே, மன்னர்கள் யானைமேல் ஊர் சுற்றிய நாளில், மருதங்கோட்டை என்றொரு நாடு இருந்தது. அதன் தலைநகரில் செக்குத் தெரு. நாற்பது வீடு, நாற்பது வீட்டுக்கும் எண்ணெய் ஆட்டுவதுதான் பிழைப்பு. கடைசி வீட்டுச் சிலம்பாயிக்குத் தாய் தகப்பன் இல்லை. ஒரு செக்கும், அதைச் சுற்றிவரும் செவலைக் காளையும்தான் அவளுக்கு எல்லாம்.

ஒருநாள் அந்தத் தெருவுக்குச் செப்புத் தகடு விற்கிறவன் ஒருவன் வந்தான்.

"இதை வாசலில் மாட்டுங்க. வீட்டுக்குத் திருட்டு பயமே கிடையாது. விலையா ஒரு பிடி எள்ளு போதும்."

நாற்பது வாசலிலும் தகடு தொங்கியது. சிலம்பாயியும் மாட்டினாள்.

மறுநாள், நல்ல வெயிலில், அதே தெரு மச்சக்காளையின் வெண்கல அண்டா காணாமல் போனது. தெருவெல்லாம் கேட்டான். "நான் பார்க்கலை. எனக்குக் கேட்கலை. என் வீடு இல்லையே" என்றார்கள். சிலம்பாயியும் அதையேதான் சொன்னாள்.

இரண்டாம் நாள் குப்பாத்தாளின் ஆடுகள் போயின. "நான் பார்க்கலை. எனக்குக் கேட்கலை. என் வீடு இல்லையே."

மூன்றாம் நாள் சிலம்பாயி தண்ணீர் எடுத்துத் திரும்பினால், செக்கடியில் கயிறு மட்டும் கிடந்தது. காளை இல்லை. குடத்தைப் போட்டுவிட்டு வீடு வீடாக ஓடினாள். எல்லோரிடமும் அதே மூன்று வார்த்தைதான் கிடைத்தது. நேரே காவல் தலைவனிடம் போனாள்.

அவன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "மாட்டை ஒழுங்காப் பார்த்துக்கறது இல்லை. தப்பு உன்மேல" என்றான்.

"என் வாசலில் நின்ன மாட்டை எவனோ ஓட்டிக்கிட்டுப் போயிருக்கான். தப்பு என்மேலயா? திருடினவன் மேல இல்லையா?"

அவன் அடுத்த வெற்றிலையை எடுத்தான்.

கொதிப்போடு வீடு வந்தவள், தகட்டைப் பிடுங்கி எறிந்தாள். சட்டென்று காதடைப்பு விலகினாற்போல இருந்தது. செக்குகளின் முனகல், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அழுகை, காக்கைச் சத்தம். மூன்று நாளாக இதில் ஒன்றுமே தன் காதில் விழவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தெருமுனையில் குரைத்த நாயின் குரல்கூடப் பேச்சாகக் கேட்டது.

"இப்பத்தான் காது திறந்துதா?" என்றது நாய். "மூணு நாளா தொண்டை கிழியக் கத்துறேன். நீ என் வாலை மிதிச்சிட்டுப் போனே."

"தப்புதான். திருடன் யாருன்னு சொல்லு."

"தகடு வித்தவன்தான். அவன் மந்திரவாதி. தகடு தொங்குற வீட்டுக்காரங்களுக்கு வீட்டுக்கு வெளியே நடக்கிறது தெரியாது, கேட்காது. பிரம்பால தொட்டா எதுவும் புளியங்கொட்டையாயிடும். பையில போட்டுக்கிட்டு நடையைக் கட்டிடுவான். ஆனா பலபேர் கண்ணு சேர்ந்து பார்த்தா அவன் மந்திரம் பலிக்காது. நாளைக்கு உச்சிவேளையில வருவான். மச்சக்காளை மக அரும்புமேல கண்ணு வெச்சிருக்கான்."

சிலம்பாயி மற்ற முப்பத்தொன்பது வீட்டுக்குள்ளும் போய் இதைச் சொன்னாள். ஏழு வீட்டார்தான் தகட்டைக் கழற்றினார்கள். மச்சக்காளை மறுத்துவிட்டான்.

"மாடு போன ஆத்திரத்துல பேசறே தங்கச்சி. என் மகளுக்கு இருக்கிற ஒரே காவல் இந்தத் தகடுதான்."

மறுநாள் உச்சிவேளை. ஐந்து வயது அரும்பு வாசலில் கல்லைத் தூக்கிப்போட்டுப் பிடித்துச் சொட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். தகடுக்காரன் வந்து பிரம்பை ஓங்கினான். பிள்ளை வீறிட்டது. நாலடி தள்ளி உள்ளே எள் புடைத்துக்கொண்டிருந்த தகப்பனுக்கு அது கேட்கவில்லை. சிலம்பாயிக்குக் கேட்டது.

"எல்லாரும் வெளியே வாங்க" என்று கத்திக்கொண்டே ஓடினாள். ஏழு வீட்டிலிருந்தும் உலக்கையோடும் முறத்தோடும் ஓடிவந்து வளைத்துக்கொண்டார்கள். அவன் பிள்ளையைப் பிரம்பால் தொட்டான், பலிக்கவில்லை. மறுபடி தொட்டான், பலிக்கவில்லை. மூன்றாந்தரம் ஓங்கியபோது பிரம்பு இரண்டாக முறிந்தது. இடுப்புப் பை உப்பிக் கிழிந்தது. அண்டா உருண்டது, ஆடுகள் குதித்தன, செவலைக் காளை அவனைக் கீழே தள்ளி வேட்டிமேல் காலை ஊன்றி நின்றது.

தெருவில் மிச்சமிருந்த தகடுகளெல்லாம் கருகி உதிர்ந்தன. மகளின் அழுகை கேட்டு மச்சக்காளை வெளியே பாய்ந்து வந்தான். நடந்ததைப் பார்த்துச் சிலம்பாயியைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"கும்பிட வேண்டாம்ணே" என்றாள் அவள். "என் மாடு போனப்ப நீங்க கேட்கலை. உங்க அண்டா போனப்ப நானும் கேட்கலை. நம்ம ரெண்டு பேருக்குமே வெட்கம் வேணும்."

எல்லாம் முடிந்தபின் காவல் தலைவன் வந்தான். மந்திரவாதியைக் கட்டி இழுத்துப் போய், "நான் பிடித்தேன் மகாராஜா" என்று சபையில் நின்றான். பின்னாலேயே செக்குத் தெரு முழுக்கத் திரண்டு வந்துவிட்டது.

"திருடனைப் பிடிச்சது நாங்க மகாராஜா. இவர் கையில பிடிச்சது வெத்திலை மட்டும்தான்" என்றாள் சிலம்பாயி. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மன்னர் முகம் சிவந்தது. மந்திரவாதி சிறைக்குப் போனான். காவல் தலைவனின் முத்திரை மோதிரம் அங்கேயே கழற்றப்பட்டு, சிலம்பாயியின் விரலுக்கு வந்தது.

அவள் அந்தப் பதவியில் உட்கார்ந்த முதல் நாள், கோழி காணோம் என்று ஒரு ஏழைக் குடியானவன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். சிலம்பாயி உடனே எழுந்துகொண்டாள்.

"எந்தத் தெரு ஐயா? வாங்க, போய்ப் பார்க்கலாம்."